பரண்மேல் ஐஸ்

காசிமாயன் மதுரைக்கு மேற்கே வீடு, மனை விற்றுக்கொடுக்கும் புரோக்கர். விசிட்டிங் கார்டில் 'ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்' என்றிருக்கும். அவர் ஊரான கோச்சடையில் அதை யாரும் வாசித்ததில்லை. தொழிலில் அவருக்கு இரண்டே விதிகள். ஐப்பசியில் மனை காட்டக் கூடாது, தண்ணீர் நிற்பது தெரிந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் வீடு காட்டக் கூடாது, வீடு தெரிந்துவிடும். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம்' என்று அவர் சொன்னால் அது பொய்யில்லை. விடியற்காலையில், ஆம்புலன்ஸில் போனால் பத்து நிமிடம்தான்.

இப்படிப் பிழைத்தவருக்கு ஒரு கஷ்டம் வந்துவிட்டது. அடுத்தவர் சொல்வது எதையும் நம்ப முடியவில்லை. டீக்கடைக்காரர் "நல்ல பால்ணே" என்றால், கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்.

அவரிடம்தான் என்ஜினீயர் தாமரைச்செல்வி தான் கட்டிய வீட்டை விற்கக் கொடுத்திருந்தார். மேலக்கால் ரோட்டிலிருந்து உள்ளே போனால், தென்னந்தோப்பிலிருந்து லேஅவுட்டாகப் பதவி உயர்வு பெற்ற ஓர் இடம் வரும். அங்கே மண் கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசிய வீடு. சிமென்ட் கொஞ்சம், ஏசி கிடையாது, குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். அவர் தனியாக நின்று கட்டிய முதல் வீடு. அந்த இடத்து நிலத்துக்காரர் மலையாண்டி கறாராகச் சொல்லிவிட்டார்: ஆடி பிறப்பதற்குள் இது விலைபோனால் பக்கத்து மூன்று மனைகளிலும் இதே மாதிரி கட்டலாம். இல்லையென்றால் அங்கே கான்கிரீட்டும் கண்ணாடியும்தான் எழும். தாமரை வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பார்க்க முதல் தடவை வந்தபோதே காசிமாயன் சுவரைத் தட்டினார். உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்தது.

"ஏம்மா, ஏசி மெஷின இதுக்குள்ளதான வச்சிருக்க?"

"காத்துதாண்ணே இருக்கு. கல்ல நிக்க வச்சு, நடுவுல சந்து விட்டுக் கட்டியிருக்கு. வெளிச் சூடு உள்ள வராது."

"சந்துல காத்து. சரி. மேல என்ன, சட்டிபானை?"

"தளத்துக்குள்ள கவுத்து வச்சதுண்ணே. கான்கிரீட்டும் மிச்சம், வெக்கையும் எறங்காது."

"அம்புட்டும் மிச்சம்."

வெயிலில் போய் நின்றுவிட்டு உள்ளே வந்தார். குளிர்ச்சியாக இருந்தது. மறுபடி வெளியே போய் மறுபடி வந்தார். மறுபடியும் குளிர்ச்சி. அதுதான் அவரைக் கலங்கடித்தது. இந்தப் பிள்ளை நம்மைவிடப் பெரிய கில்லாடி என்று தாமரைமேல் அன்றைக்கு ஒரு தனி மரியாதை உண்டாயிற்று.

மே மாதத்தில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். சத்தியசீலன், மிஷன் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். மனைவி தங்கத்துக்கு அதே பள்ளி ஆபீஸில் வேலை. காசிமாயன் வழக்கம்போல் "சாயங்காலம் வாங்க சார், காத்தாட பார்க்கலாம்" என்றார்.

"சாயங்காலம் எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் வாரேன்" என்றார் வாத்தியார்.

காசிமாயன் கணக்குப் போட்டார். தாமரை செய்யும் தந்திரம் அன்றைக்கு வேலை செய்யாவிட்டால்? விலைபோகாமல் நின்றால் அந்தப் பிள்ளை கதி? தொழில் தெரிந்தவர் தற்செயலை நம்பி உட்கார மாட்டார். அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் கட்டிகளை வாங்கிச் சாக்கில் சுற்றி, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த பரணில் ஏற்றிவைத்தார்.

மத்தியானம் வாத்தியாரும் தங்கமும் உள்ளே நுழைந்தார்கள்.

"ஏங்க, எம்புட்டுக் குளிர்ச்சி!" என்றார் தங்கம்.

"அவசரப்படாத" என்ற வாத்தியார், ஜன்னல் ஜன்னலாகப் போய் ஏசியைத் தேடினார். தாமரை சுவரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். காசிமாயன் பரணுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, இல்லாத ஒரு செல்போன் அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்.

தங்கம் மூக்கைச் சுளித்தார். "மீன் வாடை அடிக்குதே?"

"வைகை பக்கத்துலதானக்கா" என்றார் காசிமாயன்.

"வைகையில தண்ணியே இல்லை. மீன் என்ன பஸ்ல வந்துச்சா?" என்று திரும்பிய வாத்தியார், அப்படியே நின்றார். பரணின் விளிம்பிலிருந்து சுண்ணாம்புச் சுவர்மேல் ஈரக்கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "ஏம்மா, மழையே இல்லாத மாசத்துல ஒழுகுதே. ஐப்பசியில வீடே கரைஞ்சு வாழைக்குப் போயிருமா?"

தாமரை சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இங்க குழாயே கிடையாது சார். இது... தெரியல சார்."

"கட்டுனவங்களுக்கே தெரியல. வா தங்கம், போவோம்."

காசிமாயன் கைவசம் இருந்த பொய்களை வேகமாகப் புரட்டினார். மேல் டேங்க் வழிகிறது என்றால், தளம் ஒழுகுகிறது என்று ஆகும். சுவர் வேர்க்கிறது என்றால் இன்னும் மோசம். எந்தப் பொய்யைச் சொன்னாலும் வீடு விழுந்தது. நிற்கக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஐஸ் சார்."

"எது?"

"பரண்ல ஐஸ் வச்சிருக்கேன் சார்."

வாத்தியார் ஸ்டூலில் ஏறிச் சாக்கை விலக்கினார். ஐஸ் கட்டியில் ஒட்டிய ஒரு மீன் செதிலோடு இறங்கிவந்தார். "அப்ப இந்தக் குளிர்ச்சி ஐஸோடது."

"இல்ல சார். வீட்டோடது."

"பெறகு ஐஸ் எதுக்கு?"

"நான் நம்பல சார்."

பரணில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, ஒங்ககிட்ட எத்தன தடவ வாய் வலிக்கச் சொன்னேன்?" என்றார் தாமரை.

"விக்கிறவக எல்லாருமே அப்படித்தானம்மா சொல்றாக. நானும் அப்படித்தான சொல்றேன்."

வாத்தியார் ஐஸை வெளியே வெயிலில் போடச் சொன்னார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து அனல் காற்றை நன்றாக உள்ளே விட்டார். பிறகு எல்லாவற்றையும் சாத்தி, ஃபேனையும் நிறுத்தி, மற்ற மூவரையும் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். பரீட்சை ஹால் மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல அனல் அடங்கியது. அங்கே ஆளுக்கொரு கவலை. தங்கத்துக்கு மட்டும் குறட்டை.

"இத ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்றார் வாத்தியார். "இவ ஸ்டாஃப் மீட்டிங்லயும் தூங்குவா."

எழுந்து சட்டையைத் தடவிப் பார்த்தார். வேர்வை இல்லை. அவர் சந்தேகம் கூடியது. "இன்னும் ஏதோ இருக்கு. இனிமே சொல்லாம வருவேன்."

காசிமாயன் சாவியைக் கழற்றி நீட்டினார். "எப்ப வேணாலும் வாங்க சார்."

"ஏன் சாவி தாரீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

பள்ளி விடுமுறை. வாத்தியார் தினமும் உச்சி வெயிலில் வந்து, திருடனைப் பிடிப்பதுபோல் கதவைத் திறப்பார். முதலில் டார்ச் லைட்டோடு வந்தார். பிறகு தயிர்சாதத்தோடு. பிறகு ஈஸிசேரோடு. வாழையடியில் தோண்டிப் பார்த்ததில் மண்புழு கிடைத்தது. ஒருநாள் தங்கமும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சொன்னார்: "நீங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் இங்கயே இருப்போங்க. அங்க நம்ம வீட்டுல ராத்திரியில செவுரு கொதிக்குது."

ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிவானது. மலையாண்டி பக்கத்து மனைகளில் அளந்து கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டார். தாமரை அஸ்திவாரத்துக்கு ஆள் இறக்கினார். காசிமாயனோடு அவர் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த மூன்றையும் விற்க அவரிடமே கொடுத்திருந்தார், ஒரே நிபந்தனையோடு: மதியம் மட்டுமே காட்ட வேண்டும்.

வாத்தியார் குடிவந்த அன்று வீட்டு ஜெபத்துக்குப் போதகர் வந்திருந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். போதகர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, காசிமாயன் மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்து பரணைப் பார்த்தார்.

எதிரே வாத்தியாரும் ஒரு கண்ணைத் திறந்து பரணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.