உண்டியலில் போட்டது

காவேரியின் கை எண்ணாமலே எண்ணும். குவியலுக்குள் விரல்களை விட்டு ஒரு பிடி எடுத்தால் இருபது ஊதுபத்தி வரும். பத்தொன்பதும் வராது, இருபத்தொன்றும் வராது. அந்த மைசூர் ஃபேக்டரியில் கட்டுப் போடுகிற மேஜையில் ஏழு வருஷமாக அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் இந்தக் கைக்குத்தான். புதிதாக வேலைக்கு வரும் பெண்களை சூப்பர்வைசர் முரளிதரன் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். அப்பேர்ப்பட்ட கை அந்தச் சனிக்கிழமை காலையில் பதினேழு எடுத்தது. அடுத்த பிடியில் இருபத்து நான்கு. அவள் கட்டைப் பிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு குச்சியாக எண்ணிப் பார்த்தாள். எண்ணும்போதே பதின்மூன்றுக்கு அப்புறம் என்ன என்பது மறந்துபோனது.

கண்ணை இடப்பக்கம் திருப்பினால் போதும், மண்டைக்குள் சுரீரென்று ஒன்று ஓடியது. வலி என்று அதைச் சொல்ல முடியாது. ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட்டால் கையில் ஓடுமே, அது மூளைக்குள் ஓடினால் எப்படியோ அப்படி. ஒரு நொடி உலகம் அணைந்து மறுபடி எரியும். அதனால் பத்துப் பன்னிரண்டு நாளாக அவள் கண்ணைத் திருப்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்தோடு, தோளோடு, மொத்தமாகத் திரும்பினாள். முரளிதரன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஏனாய்த்தும்மா, என்ன ஆச்சு, கை இப்படி நடுங்குது?" என்றார். ஜுரம் என்றாள். அவர் நல்ல மனுஷன், மேலே கேட்கவில்லை. லேபிள் ஒட்டுகிற மேஜைக்கு மாற்றிவிட்டார். அங்கே எண்ண வேண்டியதில்லை.

மாத்திரையை நிறுத்தி அன்றோடு பதினெட்டு நாள். நிறுத்தினாள் என்பதைவிட, உண்டியலில் போட்டாள் என்பதுதான் சரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் மோகனப்ரியா பிறந்தபோது காவேரிக்கு வந்தது என்ன வியாதி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குழந்தை அழுதால் எழுந்திருக்க மாட்டாள். பால் கட்டி நெஞ்சு கல்லாகும், அதற்கும் எழுந்திருக்க மாட்டாள். சோம்பேறித்தனம் என்றார்கள், பிறந்த வீட்டுச் செல்லம் என்றார்கள். எட்டாம் மாதத்தில் ஒருநாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, வீட்டை வெளியே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சபர்பன் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்தபோது குழந்தைக்கு அழக்கூடக் குரல் இல்லை. அதற்கப்புறம்தான் பெரியாஸ்பத்திரி, அதற்கப்புறம்தான் மாத்திரை. ஹனூரிலிருந்து நாத்தனார் நாச்சம்மாள் வந்து, இரண்டு மாசம் வைத்துக்கொள்கிறேன் என்று குழந்தையைத் தூக்கிப்போனாள்.

இரண்டு மாசம் மூன்று வருஷம் ஆனது. நாச்சம்மாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மோகனப்ரியாவுக்கு அவள்தான் அம்மா. காவேரி, மாசம் ஒருமுறை பிஸ்கட் வாங்கிக்கொண்டு வரும் மைசூர் அம்மா. மாத்திரை காவேரியை எப்போதோ எழுப்பி நிறுத்திவிட்டிருந்தது. வேலைக்குப் போனாள், சமைத்தாள், சிரித்தாள். ஆனால் பிள்ளையைக் கேட்கப் போகும் ஒவ்வொரு தடவையும் நாச்சம்மாள் அந்த மாத்திரையையே எடுத்துக் குறுக்கே போட்டாள். பைத்தியத்துக்குத் தின்கிற மாத்திரையை நிறுத்தாத வரைக்கும் எந்த நம்பிக்கையில் பிள்ளையை விடுவது என்று கேட்டாள். எது நிற்கக் காலைக் கொடுத்ததோ அதையே நொண்டியின் ஊன்றுகோல் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

போன அமாவாசைக்கு எல்லாரும் பிள்ளையோடு மாதேஸ்வரன் மலைக்குப் போனார்கள். நாச்சம்மாளின் தோட்டத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் இருபது வருஷப் பீடியை அந்த மலையில்தான் விட்டார். பீடிக்கட்டை உண்டியலில் போட்டுவிட்டு வந்தவர் இன்றுவரை தொடவில்லை. நாச்சம்மாள் அதைச் சொன்னதும் காவேரிக்கு வழி திறந்தது போலிருந்தது. சுற்றிலும் உகே மாதப்பா என்று சாமியை வாழ்த்தும் ஆயிரம் குரல். பையில் இருந்த மூன்று அட்டை மாத்திரையையும் எடுத்து உண்டியலில் போட்டாள். அதோடு நின்றிருக்கலாம். யாரும் கேட்காமலே, பிள்ளையின் தலையில் கையை வைத்து, இனிமேல் இதைத் தொட்டால் என் பிள்ளைக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த அமாவாசைக்கு இதே மலையில், சாமி முன்னால், பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாள் நாச்சம்மாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

மூன்றாம் நாள் வாந்தி வந்தது. ஐந்தாம் நாள் அந்தச் சுரீர். அப்புறம் காரணமே இல்லாமல் அழுகை, அதைவிடக் காரணமில்லாத கோபம். குக்கர் விசில் அடித்தால் குக்கரைத் தூக்கி எறியத் தோன்றியது. புருஷன் கணேஷ்குமார் டைல்ஸ் ஒட்டுகிறவன். சாயங்காலம் வந்து அவன் காலை உதறுகிற சத்தம்கூட நெஞ்சில் குத்தியது. அவன் பொறுமைசாலி, அதற்குமேல் ஒன்றும் இல்லை. "ஒரு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்க" என்றான். அவன் சொன்னது சரி என்று அவளும் நம்பினாள். பழைய வியாதி திரும்பிவிட்டதோ என்ற பயத்தை அவனிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் அரை நாள் லீவு போட்டு, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா சின்ன வயசு. உண்டியல் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வியாதி திரும்பவில்லை என்று கன்னடத்தில் நிதானமாகச் சொன்னாள். மூன்று வருஷம் பழகின மருந்தை ஒரே நாளில் பிடுங்கினால் உடம்பு இப்படித்தான் கேட்கும். மறுபடி ஆரம்பித்து, பாதி, கால் என்று ஆறேழு மாசத்தில் மெல்ல இறக்கலாம், அவசரமில்லை. பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். காவேரி அதை வாங்கி வந்து கடுகு டப்பாவுக்குள் புதைத்தாள். தினமும் காலையில் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். சாமிக்குப் போட்டது அந்த அட்டை, இது வேற அட்டைதானே என்று ஒருநாள் நியாயம் பேசிப் பார்த்தாள். மாதப்பன் என்ன அட்டை நம்பர் பார்க்கிற குமாஸ்தாவா, ஏமாறுவதற்கு. டப்பாவை மூடிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நாச்சம்மாள் போன் செய்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் பிள்ளையோடு வருகிறாளாம். சும்மா, பார்த்துவிட்டுப் போக. காவேரிக்குத் தெரியும், சும்மா இல்லை. அமாவாசைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கும்போதே பாலில் விரலை விட்டுச் சூடு பார்க்கிறாள். ஒரே ஒரு பகல் நேராக நின்று காட்டினால் போதும் என்று காவேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, பூ வைத்து, வீட்டைத் துடைத்து வைத்தாள். பிள்ளை வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று, நாச்சம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு இவளைப் பார்த்தது. முன்னைக்கு இப்போது உயரம். இரட்டைப் பின்னல், கழுத்தில் பஸ் ஸ்டாண்டில் வாங்கின சிவப்பு விசில். காவேரி மண்டியிட்டுக் கையை நீட்டினாள். பிள்ளை வந்தது. பவுடர் வாசனையும் பஸ் வாசனையுமாக அந்தச் சின்ன உடம்பு நெஞ்சில் ஒட்டியபோது, இதற்காக இன்னும் பதினோரு நாள் அல்ல, பதினோரு வருஷம்கூடத் தாங்கலாம் என்று நினைத்தாள். நாச்சம்மாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் காவேரி, இப்படி எளைச்சுப் போயிட்டே? மேலுக்குச் சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. ஃபேக்டரில வேலை சாஸ்தி."

கணேஷ்குமார் கோழி வாங்கப் போனான். காவேரி வெங்காயம் நறுக்கினாள். பிள்ளை சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் ஓடியபடி விசில் ஊதியது. ஒவ்வொரு ஊதலும் மண்டைக்குள் ஒரு சுரீரைக் கிளப்பியது. முதலில் சிரித்துக்கொண்டே போதும் கண்ணு என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் தா, அம்மா வெச்சிருக்கேன் என்றாள். பிள்ளைக்கு அது விளையாட்டாகப் போனது. ஓடிவந்து, இடுப்பைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து அவள் முகத்துக்கு நேராக ஊதியது. கத்தியைக் கீழே வைத்தது காவேரிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு அப்புறம் நடந்தது பாதிதான் ஞாபகம். விசிலைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். பிள்ளை வீறிட்டது. அந்தச் சத்தம் விசிலைவிட மோசமாக இருந்தது. சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. சத்தம் நின்றது. நின்ற நிம்மதியில் அவள் கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது நாச்சம்மாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாயும் மூக்கும் காவேரியின் உள்ளங்கைக்குக் கீழே இருந்தன. கை விலகியதும் பிள்ளை மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. கன்னத்தில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. வெங்காயக் கை. பிள்ளையின் கண்ணெல்லாம் எரிந்திருக்கும்.

நாச்சம்மாள் பிள்ளையின் முகத்தைத் தண்ணீரில் கழுவி, தோளில் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே கூடத்தில் நடந்தாள். பிள்ளை அம்மா அம்மா என்று அவள் கழுத்தில்தான் அழுதது. காவேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வாந்தி, சுரீர், டாக்டரம்மா சொன்னது, கடுகு டப்பா. மாத்திரை தின்றால் இது நிற்கும், நான் நல்லாத்தான் இருந்தேன் அக்கா, அதைத் தின்னுக்கிட்டிருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் என்றாள். நாச்சம்மாள் நடப்பதை நிறுத்தவில்லை. கோழியோடு வந்த கணேஷ்குமார் வாசலிலேயே நின்றான்.

"தின்னு காவேரி. நான் வேண்டாங்கல" என்றாள் நாச்சம்மாள். "ஆனா சாமிகிட்ட நீ என்ன சொன்னேன்னு உனக்கே தெரியும். அதை நான் சொல்லச் சொல்லலே. இவ தலை மேல நீதான் கை வெச்சே."

அவள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அதுதான் காவேரியை உடைத்தது.

மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினார்கள். கோழி அடுப்பில் ஏறவே இல்லை. நாச்சம்மாள் பிள்ளைக்குச் செருப்பு மாட்டும்போது காவேரி சமையல்கட்டுக்குள் போய், ஒரு மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது தின்னமாட்டேன், பஸ் பத்திரமாக ஹனூர் போய்ச் சேர்ந்ததும் யோசிக்கலாம் என்று நினைத்தாள். மூன்று மணி நேரம். வழியில் எத்தனை லாரி, எத்தனை வளைவு. பிள்ளை அந்த பஸ்ஸில் இருக்கும்போது எப்படித் தின்பது.

சபர்பன் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். கணேஷ்குமார் பையோடு ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். காவேரி கீழே நின்றாள். எதிரில் இருந்த சிமெண்ட் பெஞ்சைப் பார்க்காமலிருக்க முயன்றாள். அன்றைக்கு, இடுப்பில் சாவியோடு, அதில்தான் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டார்ட் ஆனது. அந்த உறுமலில் மண்டைக்குள் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று நிற்காமல் ஓடியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை முந்தானை முடிச்சை அவிழ்த்தது. குவியலுக்குள் போய் இருபதைச் சரியாக எடுத்துவந்த அதே கை, அவளைக் கேட்காமல் எடுத்து, அவளைக் கேட்காமல் வாயில் போட்டது.

நாக்கில் கசப்பு பட்டதும்தான் அவளுக்குத் தெரிந்தது. பஸ் இன்னும் நகரவில்லை.

ஜன்னலில் மோகனப்ரியாவின் முகம் வந்தது. கன்னத்தில் சிவப்பு மங்கியிருந்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது. கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டியது.

"மைசூர் அம்மா, டாட்டா சொல்லு."

காவேரி கையை ஆட்டினாள்.

"வாயால சொல்லு."

பிள்ளைக்குப் பின்னாலிருந்து நாச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். காவேரி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். துப்பினால் தெரியும். திறந்தாலும் தெரியும். பஸ் மெதுவாக நகர, பிள்ளையின் முகம் இடப்பக்கமாகப் போகத் தொடங்கியது. இந்த ஒரு தடவை அவள் உடம்பைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பினாள். சுரீர். பிள்ளையின் கை. சுரீர். பிள்ளையின் வாய், சொல்லு சொல்லு என்று. பஸ் கேட்டைத் தாண்டும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. அது கரைந்துகொண்டிருந்தது.