கோட்டோரம் கத்தின குரல்

1986 காணும் பொங்கல் அன்று ராஜகிரி மலையடியில் சடுகுடு இறுதிப் போட்டி. செஞ்சிக்கும் பனமலைக்கும். நான் பனமலையில் பிறந்து செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். பனமலைக்காகச் சடுகுடு பாடிப் போகிறவன் என் தம்பி பச்சைமுத்து. அவனைப் பிடிக்க நிற்பவர் என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு. என் நிலைமையைப் பாருங்கள்! ஜெயிக்கிற அணியிலிருந்துதான் மாவட்டக் குழுவுக்கு ஆள் எடுப்பார்களாம். அதற்காகத் தம்பி ஒரு வருஷம் ஏரிக்கரையில் ஓடியிருக்கிறான்.

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பக்கத்து வீட்டு மெஹராஜ் அக்கா என்னைச் சுண்ணாம்புக் கோட்டோரமே உட்கார வைத்துவிட்டாள். நாலு பக்கமும் செஞ்சி ஜனம். விசிலும் மேளமும் நெஞ்சுக்குள் இடித்தன. பத்தே நிமிஷத்தில் நானும் எழுந்து நின்று, "புடி! வுடாதே! காலைப் புடி!" என்று கத்திக்கொண்டிருந்தேன். யார் காலை? என் தம்பி காலைத்தான்!

"இன்னாடி மங்கை, உன் தம்பிடீ!" என்று மெஹராஜ் அக்கா இடித்தாள்.

"இருக்கட்டும்க்கா! புடிங்க!"

இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பாட்டு. தம்பி வந்தான், ஒருவனைத் தொட்டான், திரும்பினான். இவர் பாய்ந்து இடுப்பைப் பிடித்து ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளினார். தம்பி நழுவி, என் கண்ணெதிரே ஒற்றைக் காலை ஊன்றித் துள்ளி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான்.

"கோடு! கோட்டை மிதிச்சிட்டான்!"

ஒரு குரல்தான் முதலில் எழுந்தது. அடுத்த நொடி ஐந்நூறு பேர், "கோடு! கோடு!"

நடுவர் லூர்துநாதன் வாத்தியார் விசில் ஊதினார். எங்கள் பக்கத்தில் கோட்டுச் சண்டை வந்தால் கோட்டோரம் உட்கார்ந்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. வாத்தியார் நேராக என்னிடம் வந்தார்.

"நீ அந்த ஊர்ப் பொண்ணு, இந்த ஊர் மருமக. நீ சொன்னா ரெண்டு ஊரும் ஒத்துக்கும். மிதிச்சானாம்மா?"

"மிதிச்சான் சார், என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று மெஹராஜ் அக்கா முந்திக்கொண்டாள்.

"நானும் பாத்தேன்!" என்று பின்னால் இருபது பேர்.

தம்பி மூச்சிரைக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் கத்தியவள் நான்தான்.

"சார், மொதல்ல கத்துனது நான்தான். கால் உள்ளதான் இருந்துச்சு. கோட்டுக்கு நாலு விரக்கடை உள்ள."

"அப்ப எதுக்குடி கத்துன?" என்றாள் மெஹராஜ் அக்கா.

"செஞ்சி ஜெயிக்கணும்னு இருந்துச்சுக்கா. வாய் தானா கத்திடுச்சு. நீங்க இன்னாத்த பாத்தீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நான் உன்னைத்தான்டி பாத்தேன்" என்றாள்.

வாத்தியார் பனமலைப் பக்கம் கையைத் தூக்கினார். அவர்கள் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆட, எங்கள் பக்கத்திலிருந்து, "பொறந்த ஊரு புத்தி!" என்று ஒருவன் கத்தினான். உடனே நூறு பேர் அதையே கத்தினார்கள். நான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

இவர் புழுதியும் வியர்வையுமாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கால் உள்ளதான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "அவன் இடுப்பு என் கையிலதானே இருந்துச்சு."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

"அத்தினி பேரு கத்துறப்போ, மிதிச்சிட்டானோன்னு எனக்கே தோணிடுச்சு மங்கை."