நானூற்றுப் பதினேழாம் அறையில் மழை

கிர்கிஸ் நாட்டின் பிஷ்கெக் நகரத்து மருத்துவ மாணவர் விடுதியில், நாலாவது மாடி, நானூற்றுப் பதினேழாம் எண் அறைக்குள், 2010ஆம் ஆண்டு ஐப்பசி ஆறாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் மழை பெய்தது. மொத்தம் நாற்பது நிமிடம். ஜன்னலுக்கு வெளியே வெயிலும் குளிரும் அதுபாட்டுக்கு இருந்தன. மேகம் டியூப் லைட்டுக்கு ஒரு முழம் கீழே திரண்டு, இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்னடுப்பு எல்லாவற்றின் மேலும் பாரபட்சம் பார்க்காமல் கொட்டியது. நைனார்பாளையத்துக் காசிநாதன் சென்னையில் வாங்கிய குடையை விரித்து, அதற்கடியில் உட்கார்ந்து, தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தின்று முடித்தான். அவனுடைய அறைத்தோழனும் இந்தக் கதைக்கு உரியவனுமான தனசேகரன், எலும்புகளின் பெயரை எழுதி வைத்திருந்த நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான். அந்த நோட்டால் தனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான் என்று பிற்பாடு அவனே சொல்வான். விடுதிக் காப்பாளர் அம்மாள் வந்து பார்த்தாள், மேல்மாடிக்குப் போய்க் குழாய்களைத் தட்டிப் பார்த்தாள், எல்லாம் காய்ந்து கிடக்கவே கீழே வந்து பதிவேட்டில் 'ஒழுக்கு' என்று எழுதிவிட்டு ஒரு வாளியும் துடைப்பமும் கொடுத்துவிட்டுப் போனாள்.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, தனசேகரனின் பெட்டியைத் திறந்தால் போதும். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வீடு கொண்ட புளியங்கொட்டாய்தான் அவன் ஊர். அங்கிருந்து யார் தூரதேசம் போனாலும் சொந்தக் கொல்லையில் ஒரு சிட்டிகை மண் எடுத்துக்கொண்டு போய், போன இடத்துத் தண்ணீரில் கலக்கி ஒரு மடக்கு குடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். சிங்கப்பூர் போனவனும் குவைத் போனவனும் இப்படித்தான் போனார்கள், ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் தனசேகரனின் அம்மா சாலம்மாளுக்கு எதையும் சிக்கனமாகச் செய்யத் தெரியாது. கொல்லை மண் போதாது, செல்லியம்மன் கோயில் மண்தான் வேண்டும் என்று நின்றாள். "இன்னாத்துக்குக் கோயிலு மண்ணு, நம்ம கொல்லயில இருக்கறதும் மண்ணுதான" என்று அவள் புருஷன் சுப்புராயன் கேட்டுப் பார்த்தார். "நீங்க சும்மா இருங்க. புள்ள கண்காணாத எடத்துக்குப் போறான்" என்று அவரை அடக்கிவிட்டாள்.

பூசாரி முனியனுக்கு மண் எடுத்துக் கொடுக்க ஒரே முறைதான் தெரியும். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் அம்மனுக்குக் கோயில் கட்ட வந்து கேட்கும்போது கொடுக்கிற பிடிமண் முறை அது. உடுக்கை அடித்தார், கற்பூரம் காட்டினார், அம்மனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "கெளம்புமா, இந்தப் புள்ளகூடப் போ" என்றார். அவள் காலடி மண்ணை ஒரு கைப்பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து தனசேகரனின் கையில் வைத்தார். பிடிமண் போகிற இடத்துக்கு அம்மன் போவாள், அம்மன் போகிற இடத்துக்கு ஊர் எல்லையும் ஊருக்கு உரியதும் போகும் என்பது புளியங்கொட்டாயில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், வெளியே மூன்று வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. நாற்பத்தியொரு பேர் மீனம்பாக்கம் வரைக்கும் போய் வழியனுப்பினார்கள். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அவன் படத்தோடு ஆளுயர பிளக்ஸ் வைத்து, விமானம் ஏறுவதற்கு முன்னாடியே 'டாக்டர்' என்று போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டத்தைத்தான் அவன் அப்புறம் எட்டு வருஷம் துரத்திக்கொண்டு திரிந்தான்.

எல்லை வந்து இறங்கிய பிறகு அறைக்குள் என்னென்ன வந்தது என்றால், முதலில் மின்வெட்டு வந்தது. புளியங்கொட்டாயில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கரண்டு போனால், பிஷ்கெக்கில் அரை மணி நேரம் கூடுதல் என்பதால், ஒன்பதரைக்கு நானூற்றுப் பதினேழில் மட்டும் விளக்கு அணையும். கொசு வந்தது. ஆலை அரவை தொடங்கியதும் கரும்புப்பால் கொதிக்கிற வாசம் வந்தது. தை மாதம் வெளியே மைனஸ் பதினெட்டு டிகிரி உறைகுளிரில் பஸ் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்க, அறைக்குள் காலைப் பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மாடியிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும், பாகிஸ்தான்காரனும் நேபாளக்காரனும் உள்ளூர் கிர்கிஸ் பையன்களும், துணி காயப்போட இந்த அறைக்கே வந்தார்கள். இதனால் தனசேகரனுக்கு நல்ல செல்வாக்கு ஏற்பட்டது. படிப்பில் ஏற்படாத செல்வாக்கு துணிக்கொடியிலாவது ஏற்பட்டதே என்று அவன் திருப்திப்பட்டுக்கொண்டான்.

படிப்பு நிலவரம் இது. காலையில் மூன்று உடுப்பு ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, பிதுங்கி வழிகிற சிறு வேனில் தொங்கி, கல்லூரிக்குப் போவான். பேராசிரியை பாதி ரஷ்ய மொழியிலும் பாதி இங்கிலீஷிலும் பாடம் நடத்துவாள். தனசேகரனுக்கு இரண்டு பாதியும் புரியாது, ஆனால் புரிந்த மாதிரித் தலையாட்டுவதில் வகுப்பிலேயே முதல் ஆள். பிணவறையில் முதல் நாள் மயக்கம் போட்டு விழுந்தான். இரண்டாம் நாள் விழாமல் நின்றதற்குக் காரணம், காசிநாதன் பின்னால் நின்று அவன் பெல்ட்டைப் பிடித்திருந்தான். திரும்பி வந்து ஊறுகாயும் சோறும் தின்றுவிட்டு, மழை இல்லாத நாளில் தூங்குவான், மழை நாளில் வாளி மாற்றுவான். முதல் வருஷ உடற்கூறு பரீட்சையில் தோற்றான். மறுபடி எழுதித் தோற்றான். இரண்டாம் வருஷமும் அதே வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். வீட்டுக்குப் போன் போட்டு "பாஸ்" என்றான். ஒரு வார்த்தைதான், ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்ட பிறகு அதற்குக் காவல் காக்கிற வேலைதான் அவனுக்கு முழுநேர வேலையாகிப் போனது. ஊர்க்காரர்கள் வேறு, ஞாயிற்றுக்கிழமை சாலம்மாள் போனை வரிசையில் நின்று வாங்கி, மூட்டுவலி, மூலம், மாட்டுக்குக் கழிச்சல் வரைக்கும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "வெந்நீர் குடிங்க" என்று சொன்னான். பாதிப் பேருக்குக் குணமாகித் தொலைத்தது. மாட்டுக்கும்தான்.

புளியங்கொட்டாயில் மழை நின்று போயிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து மேகம் இறங்கி வரும், கச்சிராயபாளையத்தில் பெய்யும், கோமுகி அணையில் பெய்யும், பதினெட்டு வீட்டின் தலைக்கு மேல் வந்து நின்று, முகவரி தப்பாக வந்துவிட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும். "எல்லா ஊர்லயும் பேஞ்சிக்கினு கீது தம்பி, நம்ம கொட்டாயில மட்டும் பொட்டுத் தண்ணி இல்ல" என்று சாலம்மாள் போனில் சொன்னபோது தனசேகரன் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த பேண்ட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தான். இத்தனை மழையிலும் அது நனையாமல் இருந்தது.

மண்ணைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. ஆனால் பிடிமண்ணைத் திருப்புவதற்கும் முறை உண்டு. வாங்கிய கைதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஊர் கூடியிருக்க, எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் நின்று, மண் தன்னிடம் இருந்த நாளில் தான் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒளித்தால் அம்மன் இறங்க மாட்டாள். அதாவது தோற்றதைச் சொல்ல வேண்டும், பாஸ் என்று புளுகியதைச் சொல்ல வேண்டும், வெந்நீரையும் சொல்ல வேண்டும். இதற்குப் பயந்துகொண்டு தனசேகரன் ஒரு வருஷத்துக்கு மேல் கடத்தினான். லீவுக்கு ஊர் போன காசிநாதனிடம் முடிச்சைக் கொடுத்தனுப்பிப் பார்த்தான். காசிநாதன் டில்லியில் இறங்கிப் பையைத் தடவும்போது அது இல்லை, இங்கே பேண்ட்டுக்கு அடியில் இருந்தது. அடுத்த பரீட்சையில் தேறிவிட்டுப் போகலாம், அப்போது சொல்வதற்குக் கொஞ்சம் லட்சணமாக இருக்கும் என்று நினைத்தான். அதிலும் தோற்றான். நானூற்றுப் பதினேழில் பெய்தது பதினெட்டுக் குடும்பத்து மழை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே வாளி வாளியாக அள்ளி ஜன்னல் வழியே ஊற்றினான். ஊற்றிய தண்ணீர் கீழே போய் விழுவதற்குள் ஐஸாகிவிடும்.

2012 ஐப்பசியில் புளியங்கொட்டாயில் கொடும்பாவி இழுத்தார்கள். மழை பொய்த்தால், ஊரில் எவனோ பெரும்பாவி இருக்கிறான் என்று வைக்கோலில் அவனை ஒரு பொம்மையாகச் செய்து, தெருவெல்லாம் இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது எரிப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாலம்மாள் தொண்டை கட்டிப் போய்ப் பேசினாள். சுப்புராயன் கரும்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகிறார் என்றாள், நாலு வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டார்கள் என்றாள். "நீ டாக்டராயி வரச்ச பாக்கறதுக்கு இங்க ஆளு இருக்காது போலக்குது" என்றாள். அப்புறம் சொன்னாள்: "நான்தான் முன்னால புடிச்சி இழுத்தன். நல்லா ஏசிப்புட்டன் தம்பி. எந்தப் பாவி எங்க மழய முழுங்கறானோ, அவனப் பெத்தவ வவுறு எரிஞ்சி சாவணும்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்தன்."

 போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த தனசேகரன், மேலே பெய்துகொண்டிருந்ததால் தான் அழுகிறோமா என்பதுகூடத் தெரியாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். மறுநாள் டிக்கெட் போட்டான். விமானத்தில் அவன் தலைக்கு மேலிருந்த பெட்டியடுக்குக்குக் கீழே மேகம் கட்டி இரண்டு மணி நேரம் பெய்தது. பணிப்பெண் கூடுதலாக ஒரு கம்பளி கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரை வேறு வரிசைக்கு மாற்றினாள். கோயம்பேட்டில் பஸ் ஏறினான். உளுந்தூர்பேட்டையில் நிறுத்தியபோது படிக்கட்டு வழியே தண்ணீர் ஊற்றுவதை டீக்கடையில் நின்ற லாரிக்காரர்கள் பார்த்தார்கள். "வெளிய காஞ்சி கெடக்குது, உள்ள பேயுது. இன்னாபா இது" என்று கண்டக்டர் கேட்டார். "எங்கூரு மழ அண்ணா, எடுத்துக்கினு போறன்" என்றான். கண்டக்டர் யோசித்துப் பார்த்து, லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

டாக்டர் வந்துவிட்டார் என்று மிச்சமிருந்த பதினான்கு வீடும் கோயில் முன்னால் கூடியது. நாலு பேர் எக்ஸ்ரே படத்தோடு வந்திருந்தார்கள். முனியன் கற்பூரம் ஏற்றினார். தனசேகரன் மஞ்சள் முடிச்சை நீட்டிக்கொண்டு, ரெண்டு வருஷமும் பெயில் என்று சொன்னான், பாஸ் என்று புளுகியதைச் சொன்னான், வெந்நீரைத் தவிர தனக்கு ஒரு வைத்தியமும் தெரியாது என்று சொன்னான், மழை எங்கே பெய்தது என்று சொன்னான், அது தெரிந்தே இருந்ததையும் சொன்னான். கடைசியில் சாலம்மாளைப் பார்த்து, "நீ ஏசனது என்னத்தாம்மா" என்றான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூளைச் சாம்பல் அப்பிய கையோடு நின்ற சுப்புராயன்தான் பேசினார்.

"பெயிலாவறது ஒரு ஆளு சமாச்சாரம்டா. அத நீ சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா. மழ ஊரு சமாச்சாரம். அத எப்பிடிடா மறச்ச?"

 தனசேகரன் தன் மானத்தை அத்தனை பெரிசாக நினைத்துப் பதினெட்டு வீட்டை அதற்குள் போட்டுப் பூட்டியிருந்தான், இங்கே வந்து பார்த்தால் அதை ஒருத்தரும் பொருட்படுத்தவேயில்லை. முனியன் முடிச்சை வாங்கி அவிழ்த்து மண்ணை அம்மன் காலடியில் கொட்டினார். மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பெய்தது, கிணறு பாதிக்கு ஏறியது, பெங்களூர் போனவர்களில் மூன்று வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நாலாவது வீட்டுக்காரர் இன்றுவரை வரவில்லை. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் தொப்பலாக நனைந்தார்கள், தனசேகரன் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. நின்ற இடத்தைச் சுற்றி ஆறு பாகத்துக்கு, ஆறு ஆள் கையை விரித்து நின்றால் எட்டுகிற தூரத்துக்கு, தரை காய்ந்தே கிடந்தது. முனியன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆயுசுக்கு ஒன் பங்கு முடிஞ்சிபோச்சி, அவ்ளோதான்" என்றார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

திரும்பிப் போய் ஆறு வருஷம் மாங்கு மாங்கென்று படித்தான். தோற்றபோதெல்லாம் தோற்றேன் என்று அன்றைக்கே போன் பண்ணினான். நாலு தடவை அப்படிப் பண்ண வேண்டியிருந்தது. 2018இல் பட்டத்தோடு வந்து, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு இங்கே வைக்கிற பரீட்சையை மூன்றாம் முறையில் தாண்டி, கச்சிராயபாளையம் கடைவீதியில் ஓர் அறை பிடித்துப் பலகை மாட்டினான். ஆனால் ஊசி போட வருகிறவர்களைவிட, களத்தில் மக்காச்சோளம் காய்கிறது, மேகம் கட்டுகிறது, வாங்க என்று பைக்கில் வந்து கூப்பிடுகிறவர்கள்தான் ஜாஸ்தி. புளியங்கொட்டாய்க்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் அவன் மறுப்பதில்லை. களத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டி உட்காருவான். சுற்றிலும் மழை கொட்டும், ஆறு பாகத்துக்குள் சோளம் காயும். காய்ச்சல்காரர்களும் இருமல்காரர்களும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, அந்தக் காய்ந்த வட்டத்துக்குள் நுழைந்ததும் குடையை மடக்கிவிட்டு, சோளத்தை மிதிக்காமல் ஓரமாக வரிசையில் உட்காருவார்கள். சாலம்மாள் பக்கத்தில் நின்று, சோளத்தைக் காலால் கிளறிவிட்டபடியே, நாற்காலியை இப்படித் தள்ளிப் போடு, அந்த மூலை நனைகிறது பார் என்பாள். டாக்டர் எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளை நாக்கை நீட்டச் சொல்வான்.