திரையில் ஓடிய பாடம்

ஜுவேரியா ராயப்பேட்டையில் தன் வீட்டு மாடியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்து வந்தாள். கைப்பேசியோடு அவளுக்குத் தினமும் மல்லுக்கட்டுதான். பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். பொறுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒருநாள் பாதிப் பாடத்தில் பொறுமை போய், எல்லாருடைய போனும் உடனே தன் மேஜைக்கு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கொண்டுவந்து வைத்தார்கள், கயலைத் தவிர. தி. நகரில் ரெடிமேட் கடை வைத்திருப்பவரின் மகள் அவள். முதல் வரிசையில்தான் உட்காருவாள். ஆனால் கண் மட்டும் மடியிலேயே இருக்கும். முந்தின வாரத் தேர்வில் ‘நொதிகள்’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘நொடிகள்’ என்று எழுதியிருந்தாள். உணவைச் செரிக்க வைப்பவை நொடிகள் என்ற அந்த விடையை ஜுவேரியா உரக்கப் படித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது.

"கயல், போனைக் குடும்மா."

கயல் அசையவில்லை. ஜுவேரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே போய் மடியிலிருந்த போனைப் பிடுங்கினாள். விளையாட்டோ வீடியோவோ இருக்கும் என்று நினைத்தவள், திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவள் பேசிய பேச்சுதான் அதில் வரிவரியாக எழுத்தாகியிருந்தது. கடைசி வரி, ‘கயல் போனை குடும்மா’. அதற்கு மேலே அன்றைய பாடம். அவள் ‘நொதி’ என்று சொன்ன இடங்களில் போன் ‘நொடி’ என்று எழுதியிருந்தது.

போனைக் கயல் கையிலேயே திரும்ப வைத்துவிட்டு, எப்படியோ பாடத்தை முடித்தாள். மற்றவர்கள் போனபின் கயலை எதிரே உட்கார வைத்து மெதுவாகக் கேட்டாள். போன வருடம் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது மந்தமாகிவிட்டதாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஏம்மா சொல்லல?"

கயல் திரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க அத்தைக்கும் காது கேக்காது மிஸ். கடைல எல்லாரும் அவங்ககிட்ட கத்திக் கத்திப் பேசிட்டு, திரும்பிச் சிரிப்பாங்க."

ஜுவேரியாவுக்கு அந்தத் தேர்வு விடையை உரக்கப் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. "நானும் அதத்தானே பண்ணிட்டேன். மன்னிச்சிடும்மா" என்றாள்.

ஜுவேரியா துணைக்கு இருக்க, கயல் அன்று மாலையே அம்மா சீதாவிடம் சொன்னாள். சீதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்; பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாளே என்று தானும் திட்டித் தீர்த்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மூவருமாகக் காது மருத்துவரிடம் போனார்கள். இடது காது இனிக் கேட்காது, வலது காதுக்குக் கருவி உதவும் என்றார் அவர்.

கருவி வரும்வரை என்ன செய்வது? கயலிடம் கேட்டுக்கொண்டு ஜுவேரியா வகுப்பில் விஷயத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. ஓயாமல் போனை நோண்டி அதிகமாகத் திட்டு வாங்கும் ராகேஷ்தான் முதலில் பேசினான்.

"மிஸ், அது கஷ்டமான வார்த்தையத்தான் தப்பாப் போடுது. நான் கூடவே சரியா அடிச்சு அவளுக்கு அனுப்பிடறேன். எனக்கு டைப்பிங்ல ஸ்பீடு கீது."

அன்றிலிருந்து அவன் போனும் மேஜைக்கு வரவில்லை. போகப் போக மற்றவர்களும் முறைபோட்டுக்கொண்டு அந்த வேலையைக் கேட்டு வாங்கினார்கள். ஜுவேரியாவும் பலகையைப் பார்த்தபடி பேசும் வழக்கத்தை விட்டாள். எழுதி முடித்துத் திரும்பி, கயலின் முகம் பார்த்துச் சொன்னாள்.

கருவி மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள், மின்விசிறிச் சத்தத்துக்கே கயல் முகத்தைச் சுளித்தாள். இரண்டு முறை கழற்றி, மறுபடி மாட்டினாள். பாடம் பாதி போனபோது கையைத் தூக்கினாள்.

"மிஸ், நீங்க எப்பவுமே இவ்ளோ வேகமாவா பேசுவீங்க?"

வகுப்பு சிரித்தது. இந்த முறை கயலும் சேர்ந்து சிரித்தாள்.