கடந்த ஏழு நாட்களில்

கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டுக்கேட்கிற வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. பெண்கள் ஃபோனில் கேள்வி கேட்பார்கள். அச்சில் உள்ளபடி கேட்கிறார்களா, பதிலை வாயில் ஊட்டுகிறார்களா என்று ஹெட்போனில் கவனித்து அவள் மதிப்பெண் போடுவாள். யாருடைய நம்பரும் திரையில் வராது. குரல் மட்டும்தான்.

பதினோரு மணிக்கு மூன்றாம் மேஜை சிட்டுவின் அழைப்பைத் திறந்தாள்.

"நாட்டோட பொருளாதாரம் எப்படி இருக்கு சார்? மிக நன்று, நன்று, மோசம், மிக மோசம்."

"நன்றுன்னு போட்டுக்கோம்மா. நாட்டுக்கென்ன குறைச்சல்."

அவளுடைய வீட்டுக்காரரின் குரல். காலையில் சாப்பாட்டுப் பையோடு தொழிற்சாலைக்குக் கிளம்பியவர். அங்கே வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"கடந்த ஏழு நாட்கள்ல ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செஞ்சீங்களா?"

"இல்லை."

"வேலை போய் எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம். தினம் கிளம்பிடுவேன். பூங்காவுல உக்காந்திருப்பேன். இப்பல்லாம் என்னைப் பாத்துப் புறாகூட நகர்றதில்லை."

சிட்டு சிரிக்கவில்லை. சிரித்தால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

"உங்க குடும்ப நிலைமை அடுத்த வருஷம் எப்படி இருக்கும்? மேம்படும், அப்படியே இருக்கும், மோசமாகும்."

"வீட்டுல இன்னும் தெரியாதும்மா. வேலையை விட்டு அனுப்புறப்ப குடுத்த தொகையைப் பிச்சுப் பிச்சு சம்பளம்னு குடுத்துட்டிருக்கேன். இந்த மாசத்தோட சரி. அப்புறம் அவகிட்ட சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றதுன்னு உன் பட்டியல்ல ஏதாவது இருக்கா?"

"மறுபடி வாசிக்கட்டுமா சார்? மேம்படும், அப்படியே..."

"தெரியலைன்னு போடு."

ஃபோனை வைத்துவிட்டார்.

தெரிந்தவர் குரல் என்றால் அந்தப் பேட்டியை நீக்கிவிட வேண்டும். காரணம் எழுத வேண்டும். எழுதினால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் பதிவைப் போட்டுக் கேட்பார்கள். அவள் நீக்காமல் சிட்டுவின் மதிப்பெண் படிவத்தைத் திறந்தாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கேள்விகளை முழுதாக வாசித்தாரா: ஆம். பதிலைத் தூண்டினாரா: இல்லை. கை தன் பாட்டுக்கு நிரப்பிக்கொண்டே போனது.

சிட்டு தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது செல்லுமா?"

"செல்லும்."

"பாவம்க்கா அந்த ஆளு. பொண்டாட்டிக்கே தெரியாதாம்."

"தெரியும்."

சிட்டு புரியாமல் பார்த்தாள். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"எந்தப் பூங்கான்னு சொன்னாரா?"

"அது நம்ம கேள்வியில இல்லையேக்கா."