பங்களா முன்னால் பத்து கஜம்

இந்த வருஷம் கோலசிலாங்கூர் திடலில் மெர்டேக்கா என்ற சுதந்திர நாள் விழாவில் பேசிய ஒருவர், நம் நாடு ஒரே இரவில் மாறியது என்றார். நான் பலமாகக் கைதட்டினேன். முன்வரிசையில் எனக்கு நாற்காலி கொடுத்திருந்தார்கள். நாற்காலி கொடுப்பவர் சொல்வதற்கெல்லாம் கைதட்டுவது தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாகக் கணக்கெழுதியதன் மிச்சம். ஆனால் மனம் மட்டும் நழுவி, ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டது. 1926, ஜூன் மூன்றாம் தேதி.

அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த தேசிய நாள் இங்கிலாந்து மன்னரின் பிறந்தநாள்தான். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. தம் பிறந்தநாளுக்காக இங்கே அறுபது பேர் வடம் இழுத்து விழுந்து எழும்புகிறார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் வேலை கிடையாது, ஆட்டுக்கறிச் சோறு உண்டு, சாயங்காலம் சைக்கிள் பந்தயம் உண்டு. எனக்கு இருபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். மீசை அப்போதுதான் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த மீசைக்கே தொழிலாளிகள் எழுந்து நின்றார்கள். நானும் அது என் தகுதிக்குத்தான் என்று நம்பினேன்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளைக்கார மேலாளரான துரையின் பங்களாவுக்கு முன்னால் தொழிலாளி எவனும் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. பத்து கஜத்துக்கு முன்பே இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, வாசலைத் தாண்டிய பிறகு ஏறலாம். துரை உள்ளே இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும். துரை சீமைக்குப் போயிருந்தால், வாசலில் படுத்திருக்கும் அவருடைய நாய்க்காக இறங்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எல்லார் கால்களிலும் இருந்தது.

உண்மையில் சைக்கிள் வைத்திருந்த தொழிலாளி ஒருவன்தான். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் வீரன். பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனர் கடையில் பழைய சாமான்களாகப் பொறுக்கி, பதினோரு மாதம் பூட்டிப் பூட்டி ஒரு சைக்கிள் செய்திருந்தான். இரண்டு சக்கரமும் ஒரே அளவில்லை. ஓடும்போது சற்றுத் தலைகுனிந்து வணங்குவதுபோல் இருக்கும்.

பந்தயத்துக்குப் பேர் எழுதும் வேலை எனக்கு. 'சொந்தச் சைக்கிள் உள்ளவர்கள்' என்று துரை அறிவித்திருந்தார். அவர் மனத்தில் இருந்தது நாங்கள் மூன்று நான்கு உத்தியோகத்தர்கள்தான். வீரன் வந்து ஆபீஸ் படிக்குக் கீழே நின்றான்.

"கிராணி ஐயா, எம்பேரையும் போட்டுக்குவீங்களா?"

"வெண்டால் வெள்ளிக் கிண்ணம். உனக்கேன்ரா கிண்ணம்?"

"கிண்ணத்த நீங்களே வச்சுக்குங்க சாமி. அந்தப் பங்களா முன்னாடி ஒரு தடவ எறங்காமப் போயிரணும். பந்தயத்துல போனா யாரும் கேக்க முடியாதுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த எடத்துல மட்டும் சைக்கிளு என்னுது இல்லாத மாதிரி இருக்குங்க."

எழுதிக்கொண்டேன். பாதி இரக்கம். மீதிப் பாதி, அந்த வண்டி முதல் வளைவிலேயே கழன்று விழும் என்ற நம்பிக்கை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் கனகலிங்கம் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஐசே மகாதேவா, உவனை ஏன் எழுதினீர்? நாளைக்கு எங்கட கதிரையிலயும் வந்து இருப்பான்." எங்கள் ஊர்ப் பேச்சில் கதிரை என்றால் நாற்காலி.

"இருந்தால் கதிரை உடைஞ்சு போமே?"

"கதிரை உடையாது ஐசே. நாங்கள்தான் எழும்ப வேண்டி வரும்."

ரப்பர் ஸ்டோரிலிருந்து புறப்பட்டு, தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி, பங்களா வாசலில் பந்தயம் முடியும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் துரையும் அவர் மனைவியும் நாற்காலியில். எதிரே தோட்டமே கூடி நின்றது.

வண்டி கழன்று விழவில்லை. இரண்டாவது வளைவில் வீரன் என்னைத் தாண்டினான். லயத்துப் பெண்கள் போட்ட கூச்சலில் கோழிகள் பறந்தன. பங்களாப் பாதையில் திரும்பியபோது அவன் எனக்கு முப்பது கஜம் முன்னால். நான் இரண்டாவது. எனக்குப் பின்னால் டிரெஸர், அவருக்கும் பின்னால் ஸ்டோர்க் கிராணி.

எல்லைக் கோட்டுக்குப் பத்து கஜம் இருந்தது. வீரன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

விழவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தினமும் இறங்கும் இடம் வந்தது, கால் இறங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, தன் பாதங்களை யாரோ ஒருவனுடைய பாதங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். துரை மட்டும் நல்ல பழக்கம் என்பதுபோலத் தலையாட்டினார்.

நான் அந்தக் கணமே தியாகியாகிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. முதலில் நன்றாக மிதித்தேன். கிண்ணம் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்தபோதுதான் அவன் முகமும் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தேன். இறங்கின வேகத்தில் என் கால்சட்டை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது.

"ஏறு வீரா. இன்னும் முடியேல்லை."

"எறங்கிட்டனேங்க..."

"ஏறடா எண்டுறன்!"

"தொரை பாக்குறாருங்க."

"பாக்கத்தானே கதிரை போட்டிருக்கு!"

இதற்குள் கனகலிங்கம் எங்களைத் தாண்டிப் போய்க் கிண்ணத்தை வென்றுவிட்டார். ஜெயித்ததை யாரும் பார்க்காததில் அவருக்குக் கடைசிவரை என்மேல் கோபம். ஸ்டோர்க் கிராணியும் தாண்டினார். வீரன் ஏறினான். மெதுவாக, மிக மெதுவாக மிதித்தான். துரைக்கு நேராக வந்ததும் ஒரு கையை எடுத்து, உட்கார்ந்தபடியே சலாம் வைத்தான். வண்டி ஆடியது. இது மரியாதையா, இல்லையா என்று துரைக்குப் புரியவில்லை. அவர் கை பாதிவரை உயர்ந்து அங்கேயே நின்றது.

சங்கிலி கழன்றுபோன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கிழிந்த கால்சட்டையோடு நான் கடைசியாக நடந்து வந்தேன்.

"அடியே, கிராணி ஐயா எறங்கித் தள்ளிக்கிட்டு வராரு பாருங்கடி!" என்றாள் வீரனின் மனைவி சின்னத்தாய். பெண்கள் சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் என் முகத்துக்கு நேராகச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். வெட்கமாக இருந்தது. கூடவே, சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றியதுபோல லேசாகவும் இருந்தது.

நாடு மாறியதா என்றால், மறுநாள் காலையே வீரன் பழையபடி அதே இடத்தில் இறங்கினான். அதற்குப் பிறகும் பல வருடம் எல்லாரும் இறங்கினார்கள். பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் மரியாதை பற்றி விளக்கினார். நானும் தலையை ஆட்டினேன்.

ஆனால் அந்தச் சாயங்காலம் பந்தயம் முடிந்தும் வீரன் இறங்கவில்லை. அந்தப் பக்கம் போய் வளைந்து, பங்களா வாசல் வழியாகத் திரும்பி வந்தான். மறுபடி போனான். மன்னர் பிறந்தநாளில் யார் என்ன சொல்வது? துரை தேநீர் குடிக்க உள்ளே போய்விட்டார். பந்தலில் இலை போட்டாயிற்று.

"போதும் எறங்குங்க, சோறு ஆறுது!" என்று சின்னத்தாய் கத்தினாள்.

"இருடி," என்றான் வீரன். "இன்னும் ஒரு சுத்து."