பதினேழாம் கேள்விக்கு நான் போட்ட பிழை

கையைப் பாதி தூக்கிட்டேன் அக்கா. அதுக்கு மேல போகல, காதுகிட்ட நின்னுருச்சு. கமலாசனி டீச்சர் போர்ட்ல இருந்து திரும்பி, "என்ன பிள்ளை, சொல்லும்"ன்னாங்க. வகுப்பே பாக்குது. நான் சொன்னது என்னா தெரியுமா? "பாத்ரூம் போகணும் டீச்சர்."

போய் அழுதேன். பொய் சொல்லிட்டு சும்மா வரக்கூடாதுன்னு மொகத்தையும் கழுவிட்டு வந்தேன். அம்புட்டு நேர்மை எனக்கு.

நீ கொழும்புல இருந்துக்கிட்டு சிரிக்காத. தவணைப் பரீட்சையில எங்க வகுப்போட கணக்குப் பேப்பர், முதல் பகுதியைத் திருத்துனது டீச்சர் இல்ல, நானு. அவங்களுக்கு நாலு வகுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரோட புள்ளியும் ஆபிசுக்குப் போகணும். "உம்மட எழுத்து வடிவா இருக்கு. விடையைப் பாத்து சரி, பிழை போட்டால் காணும், வேறொண்டும் வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்லாதையும்"ன்னாங்க. பிள்ளைங்ககிட்ட திருத்தக் குடுத்ததுக்கு ஸ்கூல் அதிபர் போன தவணையே ஏசியிருக்காரு. என் பேப்பரை மட்டும் அவங்களே திருத்துனாங்க. எனக்கு அம்பத்திரெண்டு. அம்பத்திரெண்டு எடுத்தவ முப்பத்தெட்டு பேருக்கு நீதிபதி!

பதினேழாம் கேள்வி. பையில ஆறு பந்து, மூணு சிவப்பு. சிவப்பு வர்ற நிகழ்தகவு என்ன? டீச்சர் குடுத்த விடையில 1/2. என்கூட ஸ்கூலுக்கு நடந்து வர்ற மூக்கையா எழுதுனது 3/6. நான் பாத்தேன், மேல 1 இல்ல, கீழ 2 இல்ல. பிழை! ரூலர் வச்சு ரெண்டு கோடு. பக்கத்துல "கவனமாகப் படிக்கவும்"ன்னு புத்தி வேற.

இன்னைக்கு டீச்சர் ரெண்டையும் போர்ட்ல எழுதி நடுவுல சமன் போட்டாங்க. அப்பத்தான் என் கை எந்திரிச்சது.

ஸ்கூல் விட்டு மஹய்யாவுல வீட்டுக்கு நடந்து வரும்போது மூக்கையாகிட்ட கேட்டேன், "பேப்பரை நல்லா பாத்தியாடா?"

"என்னாத்தப் பாக்குறது? முப்பத்திமூணு. அப்பவே மடிச்சு வச்சுட்டேன். ரூலர் வச்சு வெட்டியிருக்காங்கடி, டீச்சருக்கு என் மேல எம்புட்டு கோவம் பாரேன்!"

அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன் அக்கா.

முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். கேள்விக்கு ரெண்டு புள்ளி. பெயிலானவங்களோட அப்பாமாரை நாளைக்கு அதிபர் கூப்பிட்டிருக்காரு. இவனோட அப்பா முனிசிபல்ல வேல. இந்தத் தடவையும் பெயிலுன்னா ஸ்கூலை நிப்பாட்டி, பல்லேகலயில ஒரு கம்பனியில சேத்து விடுறேன்னுட்டாராம்.

புள்ளி ஆபிசுக்குப் போயாச்சு, இப்ப சொன்னா பேப்பர் அதிபர் மேசைக்குப் போகும். அந்தப் புத்திமதி யாரோட எழுத்துன்னு அவருக்குத் தெரியாதா? பரிசளிப்பு விழா அட்டையெல்லாம் எழுதுனதே நான்தானே. டீச்சர் மாட்டுவாங்க. சொல்லலேன்னா மூக்கையா.

ராத்திரி மணி ஒண்ணாச்சு. காலையில எட்டு மணிக்கு அவன் அப்பா வருவாரு. டீச்சரைக் காட்டிக் குடுக்காம அந்த ரெண்டு புள்ளியை நான் எப்படி அக்கா அவனுக்குக் குடுக்குறது?